வாசிப்பவர் தலையில் ஏற்றிய எழுத்துரு

விண்டோஸ் கணினியில் ஒழுங்காகத் திறக்கும் ஒரு சீன பிடிஎஃப் கோப்பை லினக்ஸில் எவின்ஸ், ஓக்குலர் போன்ற வாசிப்பு நிரல்களில் திறந்தால், சில சமயம் எண்களும் ஆங்கில எழுத்துகளும் மட்டும் மிஞ்சுகின்றன. சீன எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறுமை, அல்லது கட்டங்கள். குறை லினக்ஸுடையது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பழியில் பெரும்பங்கு அந்தக் கோப்பை உருவாக்கிய முறைக்கே உரியது.

எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரேமாதிரி தெரியும் என்பதுதான் 1993-இல் வந்த பிடிஎஃப்பின் வாக்குறுதி. அதற்கு எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளுக்கோ தரநிலை ஒரு சலுகை தந்தது. 'எஸ்டிசாங்-லைட்' போன்ற எழுத்துருவின் பெயரையும், 'அடோபி-ஜிபி1' போன்ற எழுத்துத் தொகுப்பின் பெயரையும் குறித்துவிட்டு, எழுத்துகளை வெறும் எண்களாக எழுதிவைத்தால் போதும். அந்த எண்களுக்கு உருவம் கொடுப்பது திறக்கும் கணினியின் பாடு. தமிழுக்கு இப்படியொரு ஏற்பாடு பிடிஎஃப்பில் கிடையாது. அந்த வகையில் நாம் தப்பித்தோம்.

சலுகைக்கு அன்று நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. எளிமைப்படுத்திய சீனத்துக்காக 1980-இல் வகுத்த ஜிபி 2312 தரத்திலேயே 6,763 ஹான் எழுத்துகள். முழு எழுத்துரு பல மெகாபைட் எடை. கையிலிருந்த ஃப்ளாப்பியின் கொள்ளளவோ 1.44 மெகாபைட். சில எழுத்துருக்களைப் பதிக்க உரிமமும் இல்லை. இன்றும் ஓர் இடத்தில் இந்த முறை உதவுகிறது: நிரப்பும் படிவங்கள். பயனர் தன் பெயரில் எந்த எழுத்தைத் தட்டுவார் என்று படிவம் தயாரித்தவருக்கு முன்கூட்டித் தெரியாதே.

ஆனால் அறிக்கைக்கும் ரசீதுக்கும் இந்தக் காரணம் பொருந்தாது. பயன்பட்ட எழுத்துகளை மட்டும் பிரித்துப் பதித்தால் கோப்பு அவ்வளவாகப் பெருக்காது. லிப்ரேஆபிஸ் அதைத் தானாகவே செய்கிறது. நீண்டகாலப் பாதுகாப்புக்காக 2005-இல் வந்த பிடிஎஃப்/ஏ தரம் எழுத்துருப் பதிவைக் கட்டாயமாக்கியது. இருந்தும் நிரல்வழி ரசீது உருவாக்க உதவும் சில மென்பொருள் நூலகங்களில் பதியாத எஸ்டிசாங்-லைட் இன்னும் ஒரு வழியாக இருக்கிறது. மாதிரி நிரலை அப்படியே எடுத்தாளும் நிரலர் தன் கணினியில் பார்த்துத் திருப்தியடைகிறார். செலவு முகம் தெரியாத வாசகருக்குப் போய்ச் சேர்கிறது.

லினக்ஸுக்கும் குற்றத்தில் பங்குண்டு. எவின்ஸும் ஓக்குலரும் நம்பியிருக்கும் பாப்ளர் நூலகம், எண்ணை எழுத்தாக்கும் அட்டவணைகளை 'பாப்ளர்-டேட்டா' என்ற தனிப் பொதியில் வைத்திருக்கிறது. உரிமச் சிக்கலால் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் அதை முன்பு தன் கட்டற்ற தொகுப்புக்கு வெளியே வைத்திருந்தது. அந்தப் பொதி இல்லாவிட்டால், மொழிப்பொதி காணவில்லை என்ற பிழைச்செய்தி முனையத்தில் மட்டும் வரும். சின்னத்தைச் சொடுக்கித் திறப்பவர் அதைப் பார்ப்பதேயில்லை. காரணம் தெரிந்தும் வாசகரிடம் சொல்லாத மென்பொருளை என்னால் நல்லது என்று சொல்ல முடியாது.

அட்டவணை இருந்து எழுத்துரு இல்லாதபோது நிகழ்வது இதைவிட மோசம். ஜப்பானிய எழுத்துரு மட்டும் உள்ள கணினியில், இரு மொழிக்கும் பொதுவான எழுத்துகள் ஜப்பானிய வடிவில் வரும். 'இந்த' என்று பொருள்படும் எளிமைச் சீன எழுத்தைப் போன்றவை விடுபடலாம். முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தால் வாசகர் உஷாராகிவிடுவார். நடுநடுவே எழுத்து விழுந்த ஒப்பந்தத்தையோ மருந்துக் குறிப்பையோ அவர் நம்பிப் படித்துவிடக்கூடும்.

கூகுளும் அடோபியும் 2014-இல் இலவசமாக வெளியிட்ட நோட்டோ சான்ஸ் சிஜேகே என்ற எழுத்துரு, எழுத்துருக் கோப்பு ஒன்றில் அடங்கக்கூடிய உச்சமான 65,535 வடிவங்களைக் கொண்டு இந்தப் பள்ளத்தைப் பெருமளவு தூர்த்தது. என்றாலும் அது மாற்று எழுத்துருதான். ஆசிரியர் தேர்ந்த எழுத்துரு ஆகிவிடாது.

புதிய கோப்புகளை அனுப்புமுன் 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' கட்டளையை ஓட்டி, எழுத்துரு பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய கோப்புகளை இனி யாரும் திருத்தித் தரப்போவதில்லை. ஆகவே பாப்ளர்-டேட்டாவையும் ஒரு சீன எழுத்துருவையும் விநியோகங்கள் முதல் நிறுவலிலேயே சேர்க்க வேண்டும். குறைவது எந்தப் பொதி என்பதை வாசிப்பு நிரல்கள் பக்கத்தின் மேலேயே காட்டவும் வேண்டும்.