வூடூ: சொல்லும் அவதூறும்

வூடூ என்ற சொல்லைக் கண்டதும் நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை தானாகவே 'பில்லி சூனியம்' என்று எழுதிவிடுகிறது. இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் வேறொரு கதை வைத்திருக்கிறார்கள்: பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ஆப்பிரிக்க மதம் ஒன்று அடிமைக் கப்பலேறிப்போய் அப்படியே ஹைட்டியில் இறங்கியதாம். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால், தங்கள் மதத்தைத் தாங்களே கட்டியெழுப்பிய மக்களை இது வெறும் சுமைகூலிகளாக்கிவிடுகிறது.

சொல்லின் பிறப்பிடத்தில் பெரிய சிக்கல் இல்லை. இன்றைய பெனின், டோகோ கரையோரத்து ஃபோன், எவே மொழிகளில் 'வோடுன்' என்றால் தெய்வம், கண்ணுக்குப் புலப்படாத சக்தி. 1658இல் ஸ்பெயினில், அதே கரையோரத்து அலாடா நாட்டு மொழியில் அச்சான கிறிஸ்தவ வினாவிடை நூல் கடவுளைக் குறிக்கவே இந்தச் சொல்லைக் கையாண்டது. இயேசுவுக்கு 'லிசா' என்ற உள்ளூர்த் தெய்வத்தின் பெயரைக் கொடுத்தது. சூனியம் என்ற வாசனையே அன்று அதில் இல்லை.

1884இல் ஸ்பென்சர் செயின்ட் ஜான் என்ற பிரிட்டிஷ் தூதர் ஹைட்டியைப் பற்றி ஒரு நஞ்சு நூல் எழுதினார். பிள்ளைக்கறி, நரபலி என்று பக்கம் பக்கமாக வதந்தி. நாலாண்டு கழித்து வில்லியம் வெல்ஸ் நியூவெல் என்ற அமெரிக்க நாட்டாரியலாளர் மறுப்பு எழுதினார். ஐரோப்பாவில் சூனியக்காரர் என்று பழி சுமத்தி வேட்டையாடப்பட்ட வால்டென்சியக் கிறிஸ்தவர்களின் பிரெஞ்சுப் பெயரிலிருந்தே இந்தச் சொல் வந்தது என்றார். வேர்ச்சொல் ஆய்வில் அவர் சறுக்கியது உண்மை. ஆனால் பிள்ளைக்கறிக் கதைகள் ஐரோப்பியச் சரக்கு என்று அவர் கண்டது சரி. ஊசி குத்திய பொம்மையும் அதே சந்தைச் சரக்குதான்.

இந்த மதம் உருவான இடம் இன்றைய ஹைட்டியான சான்-தொமாங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றம். அடிமைகள் அனைவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றது 1685ஆம் ஆண்டுச் சட்டம். ஃபோன், யொருபா, காங்கோ என்று ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத மக்கள் அங்கே கரும்புக்கும் காப்பிக்கும் உரமானார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காங்கோப் பகுதியினரே மிகுதி. அலாடாவின் பெயரைத் தாங்கிய 'ராடா' சடங்கு ஒருபுறம், காங்கோச் சாயலும் தீவின் சினமும் கலந்த 'பெட்வோ' மறுபுறம், பாம்புத் தெய்வமான டம்பாலாவுக்குப் புனித பாட்ரிக்கின் படம். பெனினில் தேடினால் இந்தக் கூட்டு கிடைக்காது. ஹைட்டிக் கிராமத்தாரோ தங்கள் மதத்துக்கு 'வோடு' என்று பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை. 'லுவாக்களை (ஆவிகளை)ச் சேவிக்கிறோம்' என்பார்கள், அவ்வளவுதான்.

உலகம் இன்று அறிந்த வூடூ 1915க்குப் பிறகு செய்யப்பட்டது. அந்த ஆண்டு ஹைட்டியில் இறங்கிய அமெரிக்கக் கடற்படைவீரர்கள் 1934 வரை நகரவில்லை. குடியானவர்களைப் பிடித்துச் சாலை போட வைத்தார்கள். எதிர்த்தெழுந்த ஷார்ல்மான் பெரால்ட்டை 1919இல் சுட்டுக்கொன்றார்கள். சடங்குகளில் புகுந்து மேளங்களைப் பறித்தார்கள். 1929இல் வில்லியம் சீப்ரூக்கின் 'மந்திரத் தீவு' வந்தது. அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் வயலில் செத்தவர்களைக் கூலிக்கு விட்ட கதை அதில் வருகிறது. 1932இல் பேலா லுகோசி நடித்த 'வெள்ளை ஜோம்பி' திரைப்படத்திலும் பிணங்கள் கரும்பாலையில்தான் உழைக்கின்றன. கட்டாய உழைப்புக்கு ஆள்பிடித்த காலத்தில், ஓயாமல் உழைக்கும் பிணத்தைப் பற்றி மக்கள் ஏன் பேசினார்கள் என்று சீப்ரூக்குக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது சிலிர்ப்பு.

சீப்ரூக்குக்கு ஓராண்டு முன்பே, 1928இல், ழான் ப்ரைஸ்-மார்ஸ் என்ற ஹைட்டி மருத்துவர் 'இவ்வாறு பேசினார் மாமா' என்ற நூலை வெளியிட்டிருந்தார். பூசாரிகள், கோயில்கள், பலிபீடங்கள், வாய்மொழி மரபு, ஆவிகளில் நம்பிக்கை எல்லாம் இருக்கும்போது இதை மதம் என்று சொல்லத் தயங்குவதேன் என்று கேட்டார். அவருடைய கோபம் வெள்ளையர்மீது மட்டுமல்ல. தங்களைக் கறுத்த பிரெஞ்சுக்காரர்களாகக் கற்பனை செய்துகொண்ட ஹைட்டி மேட்டுக்குடியை, பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரின் நாயகி பெயரால் 'பொவாரித்தனம்' என்று குத்தினார். அவருடைய பரிணாமவாதச் சொற்கள் இன்று உறுத்தும். இருந்தும், பின்னால் வந்த மானுடவியலாளர் மெட்ரோ, திரைக்கலைஞர் மாயா டெரன் ஆகியோரின் புகழ்பெற்ற நூல்களைவிட, இந்த மதத்துக்கு ஹைட்டியின் குடியானவரையே சொந்தக்காரராக்கும் இந்நூலே எனக்குப் பெரிது.

மேட்டுக்குடி கேட்டதா? 1935இல் 'மூடப்பழக்கங்களை'த் தடை செய்யும் சட்டம் வந்தது. 1941-42இல் திருச்சபை அரசின் துணையோடு மேளங்களை எரித்தது. அரசு வோடுவை மதமாக ஏற்றது 2003இல்தான்.

தமிழில் யாராவது இத்துறையில் ஒரு நூலை மொழிபெயர்க்க முன்வந்தால், பேய்க்கதைகளை விட்டுவிட்டு ப்ரைஸ்-மார்ஸை எடுங்கள். ஆங்கிலத்துக்கே அது 1983இல்தான் போய்ச் சேர்ந்தது.