ரிங்குக்குள் கைமாறிய நிறம்

குத்துச்சண்டைப் படத்தில் ஆடை வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. மணி அடித்த பிறகு நாயகன் உடம்பில் மிஞ்சுவது ஒரு கால்சட்டை, கையுறைகள், பூட்ஸ். வாயில் பல்காப்பு இருப்பதால் வசனமும் பேச முடியாது. அவன் யார், யாருக்காக அடி வாங்குகிறான் என்பதை இடுப்பிலிருந்து தொடைவரையுள்ள அந்தத் துணிதான் சொல்லியாக வேண்டும். ‘ராக்கி’ வரிசைப் படங்கள் இதைத் தலைமுறை தாண்டிச் செய்து காட்டியிருக்கின்றன.

1976-ல் ஜான் அவில்ட்சன் இயக்கத்தில் வந்த முதல் படம். கதையை எழுதி ராக்கியாக நடித்தவர் சில்வஸ்டர் ஸ்டாலோன். அமெரிக்கா தன் 200-வது ஆண்டைக் கொண்டாடிய நேரம் அது. சாம்பியன் அப்போலோ கிரீட் ஜார்ஜ் வாஷிங்டன் வேடத்தில் வருகிறான். பிறகு அங்கிள் சாமாக மாறுகிறான். வேடத்தைக் கழற்றினால் உள்ளே தேசியக் கொடியின் நட்சத்திரங்களும் கோடுகளும் கொண்ட கால்சட்டை. எதிரே பிலடெல்பியாவின் ஏழைத் தெருக்காரன் ராக்கி. அவன் அங்கியின் முதுகில் ஓர் இறைச்சிக் கம்பெனியின் விளம்பரம். ஒருவன் நாட்டையே உடுத்திக்கொண்டு வர, இன்னொருவன் கசாப்புக் கம்பெனியைச் சுமந்து வருகிறான்.

இந்தப் படத்தின் உச்சமான நிறக் காட்சி ஒரு தவறிலிருந்து பிறந்தது. அரங்கில் தொங்கவிட வரைந்த பிரம்மாண்டப் படத்தில் ராக்கிக்குச் சிவப்புக் கால்சட்டை, வெள்ளைப் பட்டை. ஸ்டாலோன் அணியவிருந்ததோ வெள்ளைக் கால்சட்டை, சிவப்புப் பட்டை. சிக்கனத் தயாரிப்பு, மறுபடி வரையக் காசு இல்லை. ஆகவே அந்தப் பிழையையே கதைக்குள் எழுதிவிட்டார்கள். போட்டிக்கு முந்தைய இரவு ராக்கி வெறிச்சோடிய அரங்குக்குப் போய், நிறம் மாறியிருக்கிறதே என்று போட்டி அமைப்பாளரிடம் சொல்கிறான். அதனால் என்ன என்பதுபோல் அவர் கடந்துபோகிறார். தன் கால்சட்டை நிறத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத ஊர் தன்னிடம் வெற்றியை எதிர்பார்க்கவே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்துவிடுகிறது. வீடு திரும்பிக் காதலி ஏட்ரியனிடம், ஜெயிக்க முடியாது, கடைசி ரவுண்டுவரை நின்றால் போதும் என்கிறான். படம் முழுவதும் எதற்காக ஓடியதோ அந்த இலக்கே அப்போதுதான் பிறக்கிறது. பெரும் பணம் கொட்டி எடுத்திருந்தால் இந்தக் காட்சியே இருந்திருக்காது!

மூன்றாம் படத்தில் (1982) பழைய எதிரி அப்போலோவே பயிற்சியாளராகித் தன் கொடிக் கால்சட்டையை ராக்கிக்குக் கொடுக்கிறான். நாட்டின் அடையாளமாக இருந்த நிறம் நட்பின் அடையாளமாகிறது. நான்காவதில் (1985) அதே நிறத்தோடு ரிங்கில் இறங்கும் அப்போலோ, சோவியத் வீரன் இவான் டிராகோவின் அடியில் செத்துப்போகிறான். மாஸ்கோவில் ராக்கி அதை அணியும்போது அது நண்பனின் நினைவுத்துணி. ஆனால் எதிரே டிராகோவுக்குச் சிவப்பு. பனிப்போர்ச் சுவரொட்டி அளவுக்கு அப்பட்டமான நிறத்தேர்வு. சாவின் கனத்தைப் பிரச்சாரம் அமுக்கிவிடுகிறது.

அந்தக் கனத்தை மீட்டவர் இயக்குநர் ரயன் கூக்ளர். ‘கிரீட்’ (2015) படத்தில் அப்போலோவின் மகன் அடோனிஸுக்கு, அப்போலோவின் மனைவி மேரி ஆன் அனுப்பும் கால்சட்டையில் தந்தையின் கொடி நிறம்; கூடவே கிரீட், ஜான்சன் என இரண்டு பெயர்கள். தந்தை மணம்செய்யாத தாயின் குடும்பப்பெயர் ஜான்சன். லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவன் புள்ளிக்கணக்கில் தோற்கிறான். முன்பு தேசத்தைக் காட்டிய நிறம் இங்கே பிறப்பை ஏற்றுக்கொள்ளும் அத்தாட்சி.

தமிழிலும் நிறம் இப்படிப் பேசியிருக்கிறது. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) கடைசி மோதலுக்கு நாயகன் கபிலன் நீல அங்கியில் வருகிறான். அம்பேத்கர் 1942-ல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நிறம் அது. படம் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. பார்வையாளரை நம்பி விட்டுவிடுகிறது.

மார்ட்டின் ஸ்கார்செஸி நேரெதிர் வழியில் போனார். ‘ரேஜிங் புல்’ (1980) சோதனைக் காட்சிகளைப் பார்த்த இயக்குநர் மைக்கேல் பவல், சிவப்புக் கையுறை உறுத்துகிறது என்றார். படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கும் முடிவுக்கு அது ஒரு காரணமானது. வண்ணப் படச்சுருள் காலப்போக்கில் மங்கிவிடும் என்ற கவலையும் ஸ்கார்செஸிக்கு இருந்தது. அதன் நாயகன் ஜேக் லமோட்டா எந்த ஊருக்காகவும், எந்த நண்பனுக்காகவும் சண்டை போடுபவன் இல்லை. கைமாற்றிக் கொடுக்க அவனிடம் நிறம் இருக்க நியாயமில்லை. அந்தப் படத்தில் வண்ணம் வருவது திருமண வாழ்வின் வீட்டுப்படத் துணுக்குகளில்தான்.