கல்விசார் ஆங்கிலப் பாடத்தில் எழுத்துவழி விவாதம்: ஒரு திறனாய்வு

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் தொழில்சார் ஆங்கிலப் பாடம் 2020-21ஆம் கல்வியாண்டில் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதலாண்டில் அறிமுகமாயிற்று. மாணவரின் துறைப்பொருளையே மொழிப்பயிற்சிக்கு அடிப்படையாக்கியது அதன் சிறப்பு. எனினும், வகுப்பறையில் விவாதம் என்பது பெரும்பாலும் உடனடிப் பேச்சாகவே சுருங்கிவிடுகிறது. கே.ஜி.கண்டிகை, திருத்தணி போன்ற ஆந்திர எல்லைப்புற ஊர்களில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பயின்ற மாணவருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. அத்தகையோரின் தயக்கம் எளிதில் அறியாமையாகக் கொள்ளப்படுகிறது. இது நேர்மையான மதிப்பீடன்று.

ஒருவர் எழுதிய கருத்தை மற்றவர் படித்து, சான்று தேடி, மறுநாள் எழுத்திலேயே மறுமொழி தரும் முறை இங்குப் பொருந்தும். நன்னூல் ஆசிரியர் உரைத்ததைக் கொள்வதால் கிட்டும் அறிவைக் காற்பங்காகவும், உடன்பயில்வோரோடு பழகுவதால் கிட்டுவதை மற்றொரு காற்பங்காகவும் கணக்கிடுகிறது. இன்றைய பாடத்திட்டங்கள் இந்த இரண்டாம் காற்பங்குக்கு இடமளிப்பது அரிது.

நண்பரின் கருத்தில் ஏற்பதை ஏற்று, எஞ்சியதை மறுப்பதே கல்விசார் எழுத்தின் உயிர்நாடி. இலக்கணத்தைவிடக் கடினமானதும் அதுவே. ஆசிரியர் ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் திருத்தத் தொடங்கினால் விவாதம் விடைத்தாளாகிவிடும். அகமதிப்பீட்டில், கருத்துக்கு மட்டுமன்றி மறுமொழிக்கும் தனி மதிப்பெண் வேண்டும்.