உப்பு வெளியில் ஓர் ஒற்றைக் கண்

ஒரு படம். பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதன் காலடியில் நாலு பேர் அலறியடித்து ஓடுகிறார்கள். இன்னொன்றில், ஒருத்தியின் உள்ளங்கையில் அவளுடைய காதலன் கைகட்டி நிற்கிறான். மூன்றாவதில் ஒரு ஷூ, குடும்பத்தையே நசுக்க இறங்குகிறது. பொலிவியாவின் தென்மேற்கிலுள்ள உயுனி உப்பு வெளிக்குப் போய்வந்தவர்களில் பலரிடம் இப்படியொரு படம் இருக்கும். தாஜ்மகாலின் உச்சியைக் கிள்ளித் தூக்குகிற படத்துக்கு இது உறவுதான். ஆனால் அங்கே கிள்ளுவதற்கு ஒரு தாஜ்மகால் வேண்டும். இங்கே எதுவும் வேண்டாம். 'எதுவுமில்லை' என்பதுதான் இங்கே மூலதனம்.

'சும்மா வெளையாட்டுக்கு எடுத்த படம், அதுலயும் போயி அரசியல் தேடணுமா?' என்று கேட்கலாம். தேடத்தான் வேண்டும். விளையாடும்போதுதான் நாம் காவலில்லாமல் இருக்கிறோம்.

முதலில் தந்திரத்தைப் பார்ப்போம். கேமராவுக்கு ஒற்றைக் கண். எது கிட்டே, எது எட்டே என்பதை வழியிலிருக்கும் மரம், வேலி, வீடு, ஆள் இவைதான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்து கிடக்கிற உயுனியின் வெள்ளையில், சொல்லித்தர ஒன்றுமில்லை. செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்கப் பயன்படுகிற அளவுக்கு அது சமதளம். பொம்மையை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, ஆட்களை முப்பது நாற்பது அடி தள்ளி நிறுத்தி, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இரண்டும் தெளிவாக விழும். கேமராவைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையிலுள்ள தரை தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த ஒற்றைக் கண் கேமராவோடு பிறந்ததல்ல. அசையாத ஒரு கண், அந்தக் கண்ணில் வந்து கூடுகிற கோடுகள் என்று 1435இலேயே இத்தாலியின் அல்பெர்ட்டி ஓவியத்துக்கு இலக்கணம் எழுதிவிட்டார். காணும் உலகம் முழுவதையும் பார்ப்பவனின் கண்ணைச் சுற்றி அடுக்கிவைக்கிற ஏற்பாடு இது என்று ஜான் பெர்ஜர் 1972இல் விளக்கினார். அந்த மரபில் வந்த ஓவியம் 'உலகம் இப்படித்தான் இருக்கிறது' என்கிறது. உயுனிப் படமோ 'பாத்தியா, எப்படி ஏமாத்துனேன்' என்று பல்லிளிக்கிறது. பெரியது சிறியது என்பது பொருளின் இயல்பல்ல, கண் இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை அது தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த வகையில் இது தன்னைத்தானே கட்டுடைத்துக்கொள்ளும் பிரதி. இதையெல்லாம் 'பூர்ஷ்வா அற்பத்தனம்' என்று தள்ளிவிடுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒப்புதல் அத்தோடு நின்றுவிடுகிறது. அந்தக் கண்ணைப் பிடித்திருப்பது யார்? பல நேரங்களில் ஜீப் ஓட்டிவந்த உள்ளூர்க்காரர். உப்பின்மேல் குப்புறப் படுத்து, 'இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க, கைய ஒசத்துங்க' என்று கத்துகிறவர் அவர். பொம்மையும் பெரும்பாலும் அவருடையது. அல்பெர்ட்டியின் கணக்குப்படி காட்சிக்கு மையம் அவருடைய கண். நடைமுறையில் அது கூலிக்கு அமர்த்தப்பட்ட கண். படத்தில் எங்கேயும் அவர் இல்லை.

அவர் மட்டுமல்ல. அதே உப்பைச் சுரண்டி, கூம்பு கூம்பாகக் குவித்து உலரவைத்து லாரியில் ஏற்றுகிறவர்கள் கொல்சானி கிராமத்தில் இருக்கிறார்கள். லாமாக்களின் முதுகில் உப்புக் கட்டிகளை ஏற்றிப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுபோய் மக்காச்சோளத்துக்கு மாற்றிய நெடிய வரலாறும் இந்த மேட்டுநிலத்துக்கு உண்டு. ஒரே ஒரு உப்புக் குவியல், அதன் பக்கத்தில் மண்வெட்டியோடு ஓர் ஆள் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் போதும், அளவு தெரிந்துபோய் டைனோசர் பொம்மையாகிவிடும். ஆகவே அவர்கள் விலக வேண்டும். சிரிப்பு வருவதற்கு உழைப்பு ஓரம்போக வேண்டியிருக்கிறது.

இது வெறும் படத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். உயுனி இருப்பது பொட்டோசி மாகாணத்தில். 1545இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டு, 1570களிலிருந்து 'மித்தா' என்ற கட்டாய உழைப்பில் பூர்வகுடிகள் மலைக்குள் இறக்கப்பட்ட அதே பொட்டோசி. இப்போது உப்புக்கு அடியிலுள்ள உவர்நீரில் லித்தியம். 2018இல் ஒரு ஜெர்மன் நிறுவனத்தோடு அரசு தொடங்கிய கூட்டுத் திட்டம், பொட்டோசி மக்களின் போராட்டத்துக்குப் பின் 2019 நவம்பரில் ரத்தானது. 2024இல் ருஷ்ய, சீன நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. சுற்றுவட்டாரச் சமூகங்கள் கேட்டவை இரண்டுதான்: எங்க தண்ணி என்னாகும்? எங்களைக் கேட்டீங்களா?

இந்தக் கேள்விகள் காதில் விழாமல் இருக்க என்ன செய்கிறார்கள்? வானத்திலிருந்து எடுத்த ஒரு வெள்ளைத் திட்டு, அதன்மேல் லட்சக்கணக்கான டன் என்று ஓர் எண். லித்தியத்தை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, கினுவா பயிரிடுகிறவளை நாற்பது அடி தள்ளி நிறுத்துகிறார்கள். அவள் சுண்டுவிரல் அளவாகிவிடுகிறாள். சுற்றுலாப் பயணியின் அதே தந்திரம்தான். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் 'ஏமாத்துனேன்' என்று சிரிப்பதில்லை. இது வரைபடமாக, திட்ட அறிக்கையாக, 'வளர்ச்சி'யாகச் சுற்றுக்கு வருகிறது.

எனவே பொம்மையைப் பிடுங்குவது விமர்சனத்தின் வேலையல்ல. படுத்திருப்பவரை எழுப்பிச் சட்டகத்துக்குள் நிறுத்திவிட்டு நாம் படுத்துக்கொண்டாலும் தீராது. அப்போதும் கண் ஒன்றுதான். அவர் சிறுத்துப்போவார், அவ்வளவே. செய்ய வேண்டியது எளிது. எந்தப் படத்தின் முன்னாலும், முக்கியமாகச் சிரிக்காத படங்களின் முன்னால், ரெண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். டைனோசருக்கும் ஓடுகிறவர்களுக்கும் நடுவே கிடக்கிற அந்த நாற்பது அடித் தரை அப்போது தெரியும். அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள்.