கம்பெனிக்கு ஒரு நாற்காலி

எங்க அம்மாச்சிக்கு மூணே மூணு இங்கிலீசு வார்த்தை தெரியும். மஸ்டர், லைன், கம்பெனி. சர்க்கார் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள், கண்ணால் கண்டதில்லை. ஆனைமலையில் அவள் கொழுந்து பறித்த எஸ்டேட்டில் விடியக்காலம் ஆளைக் கூப்பிட்டது கம்பெனி. வீடு கம்பெனியுது, ஆஸ்பத்திரி கம்பெனியுது, அரிசி கம்பெனியுது, செத்தா பொதைக்கிற இடமும் கம்பெனியுது. 1952 தேர்தலில் ஓட்டுப்போடக் கூட்டிப்போனதும் எஸ்டேட் லாரிதான். அப்போது சின்னத்துக்கு ஒரு பெட்டி. எந்தப் பெட்டியில் சீட்டைப் போடணும் என்று மேஸ்திரி முதல்நாளே லைன் லைனாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"அவன் சொன்ன பெட்டியிலதான் போட்டியா அம்மாச்சி?" என்று ரொம்ப வருசம் கழிச்சுக் கேட்டேன்.

"நான் எதுல போட்டேன்னு தொரைக்கு எப்படிடா தெரியும்? உள்ள போனது நான் ஒருத்தி மட்டுந்தானே" என்றாள்.

கம்பெனி நுழைய முடியாத ஒரே இடமாக அந்தத் தடுப்புத் துணிக்குப் பின்னால் இருந்த ரெண்டடி இடம் அவளுக்கு இருந்தது. இந்தக் கட்டுரையை அந்த ரெண்டடி இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

விமர்சனம் என்றால் நாவலையும் கவிதையையும் வாசிப்பது என்றே நாம் பழகிவிட்டோம். சட்டமும் ஒரு பிரதிதான். நம்ம சனங்க வாழ்க்கையை நாவலைவிட அதிகமாக எழுதியிருப்பது அதுதான். ஆகவே ரெண்டையும் சேர்த்து வாசிக்கிறேன்.

முதலில் நாவல். பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேளின் தமிழில் 'எரியும் பனிக்காடு' ஆனது. டேனியல் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர், தொழிலாளர் சங்கம் கட்டியவர். கருப்பன், வள்ளி என்ற தம்பதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். பிறகு அந்த முன்பணம் அடைபடுவதே இல்லை. குளிர், காய்ச்சல், சாவு, தொரையின் பூட்ஸ் கால். எங்க வீட்டில் இதை வாசித்துக் காட்டியபோது எங்க அம்மா பாதியில் நிறுத்தச் சொன்னாள். "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே, வேற எதாச்சும் படி" என்றாள். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. 2013-இல் பாலா இதிலிருந்து 'பரதேசி' படம் எடுத்தபோது, நாவலில் தொழிலாளிக்காகத் தொரைமாரோடு மல்லுக்கட்டும் மருத்துவர் மதம் மாற்ற வந்து ஆடிப்பாடுகிறவராக ஆகிவிட்டார். கம்பெனியைத் திட்ட வேண்டிய இடத்தில் பாதிரியைத் திட்டிவிட்டு சினிமா தப்பித்துக்கொண்டது.

ஆனால் நாவலோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதில் கொடுமைக்கு ஒரு முகம் இருக்கிறது, வெள்ளை முகம். வாசித்து முடிக்கிறவர் "நல்லவேளை, வெள்ளைக்காரன் போயிட்டான்" என்று பெருமூச்சு விட இடமிருக்கிறது. தொரைக்கு மேலே ஒரு கம்பெனி, அதன் பங்குதாரர்கள், அதற்குத் தோதான சட்டங்கள் இருந்தது நாவலில் பனி மாதிரி தூரத்தில்தான் தெரிகிறது. தொரை போனான். கம்பெனி போகவில்லை.

அந்தப் பனியை விலக்கிப் பார்க்கணும். 1919 சட்டப்படி 1920-இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. அந்தச் சபையில் தோட்ட முதலாளிமாருக்கென்று ஒரு தனித் தொகுதி இருந்தது. வணிகச் சங்கங்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் தனித் தொகுதிகள் இருந்தன. அவர்கள் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு? கவர்னர் பார்த்து நியமிக்கணும். இரட்டைமலை சீனிவாசனே 1923-இல் நியமன உறுப்பினராகத்தான் உள்ளே போனார். தேயிலைச் செடிக்கு உரிமையாளனுக்குத் தேர்தல், செடிக்கு உரமாய்ப் போனவனுக்கு நியமனம். 1935 சட்டத்திலும் வணிகத்துக்கும் தோட்டத் தொழிலுக்கும் தனி இடங்கள் தொடர்ந்தன. கம்பெனிக்கு சட்டமன்றத்தில் நாற்காலி இருந்தது என்பது உருவகம் இல்லை, சட்டத்தில் எழுதியிருந்தது.

வயது வந்த எல்லோருக்கும் ஒரு ஓட்டு என்று அரசியலமைப்புச் சட்டம் சொன்னபோது அந்த நாற்காலி போனது. எங்க அம்மாச்சி லாரி ஏறினாள்.

இது போதாது என்று அம்பேத்கருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1947-இல் பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கு அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவை நம்மில் பலர் தனித் தொகுதி, தனிக் குடியிருப்பு என்பதற்காக மட்டும் வாசிக்கிறோம். அதன் பொருளாதாரப் பகுதியைப் புரட்டிவிட்டுப் போகிறோம். முக்கியத் தொழில்கள் அரசுடைமை, காப்பீடு அரசுடைமை, நிலமும் அரசுடைமை என்று அதில் கேட்கிறார். அதுவும் சாதாரணச் சட்டமாக இல்லை, அடுத்து வரும் பெரும்பான்மை மாற்ற முடியாதபடி அரசியலமைப்புக்குள்ளேயே வைக்கச் சொல்கிறார். சோறும் வேலையும் ஒரு தனி முதலாளியின் கையில் இருக்கிறவன், வேலை போய்விடும் என்ற பயத்தில் மற்ற உரிமைகளை எல்லாம் தானே விட்டுக்கொடுத்துவிடுவான் என்பது அவர் வாதத்தின் சாரம். லைன் வீட்டுக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசுடைமை ஆனா எல்லாம் தீர்ந்துடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இலங்கையிலிருந்து திரும்பிய மக்களுக்காக 1968-இல் அரசு தொடங்கிய டேன்டீ தோட்டத்திலும் லைன் வீடுதான். ஆனால் அரசை ஓட்டுக் கேட்டு வரும்போது நிறுத்தி வைத்துக் கேட்கலாம். அரசு வேலையில் இடஒதுக்கீடு கேட்கலாம். கம்பெனியை எந்தத் தெருவில் நிறுத்தி எந்தத் தேர்தலில் கேட்பது?

மாஞ்சோலையைப் பாருங்கள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்டது. சுதந்திரம் வந்தது. ஜமீன் ஒழிப்பு வந்தது, ஜமீன் போனது, குத்தகை போகவில்லை. கூலி உயர்வு கேட்டவர்கள் சிறையில் அடைபட்டார்கள். அவர்களை விடச் சொல்லி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் உண்டு. கூலி தர வேண்டியது கம்பெனி, தடியடி கொடுத்தது சர்க்கார். இந்தக் கூட்டுப் பண்ணையம் எப்படி நடக்கிறது என்று அன்று எல்லோரும் பார்த்தோம். 2024-இல் குத்தகை முடிய நாலு வருசம் இருக்கும்போதே கம்பெனி விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டி, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. நாலு தலைமுறையாக வாக்காளர் பட்டியலில் இருந்த முகவரி கம்பெனி வீட்டு முகவரி. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் ஊரே போகும். ஒரு குடிமகனின் முகவரி இன்னொருத்தன் பையில் இருப்பதற்குப் பேர் என்ன?

இப்போது கடைசிப் பிரதி. 2017-இல் நிதிச் சட்டத்தின் வழியாகப் பல சட்டங்களை ஒரே மூச்சில் திருத்தினார்கள். பண மசோதா என்று சொன்னதால் மாநிலங்களவையால் தடுக்க முடியவில்லை. அதுவரை ஒரு கம்பெனி முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது, எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று கணக்கில் காட்டணும். ரெண்டையும் எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம். 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கில் வாங்கு, கட்சியிடம் கொடு, ஊருக்குச் சொல்லாதே.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து இது செல்லாது என்றார்கள். கணக்கு வெளியே வந்தது. 2019 ஏப்ரல் முதல் மட்டும் சுமார் 12,000 கோடி ரூபாய். அதில் பாதியளவு, சுமார் 6,000 கோடி, பாரதிய ஜனதாவுக்கு. அதிகம் வாங்கியது லாட்டரி விற்கும் கோவைக் கம்பெனி, 1,368 கோடி. அதில் 509 கோடி சமூக நீதி பேசும் தி.மு.க.வுக்கு. லாட்டரிச் சீட்டு யார் வாங்குவது? மாடிவீட்டுக்காரனா? அன்னாடங்காச்சி ஒருத்தனின் நப்பாசைதான் சேர்ந்து சேர்ந்து கோடியாகி, அவன் பேரில்லாமல் கட்சி ஆபீசுக்குப் போயிருக்கிறது.

நான் நிற்கும் இடம் இதுதான். ரகசியம் என்பது ஏழைக்குக் கொடுத்த ஆயுதம். வேலை போகும், அடி விழும் என்ற பயம் இல்லாமல் ஓட்டுப்போட அந்தத் தடுப்புத் துணி. அதைக் கழற்றி எடுத்துப்போய்க் கம்பெனிக்குப் போர்த்திவிட்டார்கள். பயப்பட வேண்டியவர் யாரோ அவருக்கு இல்லாமல், பயமுறுத்தக் கூடியவருக்கு மறைப்பு. 1920-இல் கம்பெனியின் நாற்காலி சபையின் நடுவில் எல்லோர் கண்ணிலும் பட்டது. 2018-இல் அது திரும்ப வந்தது, கண்ணில் படாமல். தீர்ப்பு பத்திரத்தையும், கம்பெனி நன்கொடை வரம்பை எடுத்த திருத்தத்தையும் ரத்து செய்தது. ஆனாலும் கம்பெனிகள் அறக்கட்டளைகள் வழியாகக் கொடுப்பது தொடர்கிறது.

நம் எழுத்து ஆண்டையை அச்சு அசலாக எழுதியிருக்கிறது. அவன் திண்ணை, அவன் செருப்பு, அவன் பேச்சு எல்லாம் நமக்கு அத்துப்படி. கம்பெனியை எழுத நமக்கு இன்னும் கை வரவில்லை. அதுக்குத் திண்ணை இல்லை, பங்குச் சந்தை இருக்கிறது. அது சாதி சொல்லித் திட்டாது, 'தகுதி' என்று சொல்லிக் கதவை மூடும், இடஒதுக்கீடு அதன் வாசலோடு நின்றுவிடும். ஒப்பந்த வேலை என்று பேர் மாற்றி மலம் அள்ள அனுப்பும். இதை எழுதாமல் போனால், டேனியல் எழுதிய தொரையைப் படித்துக் கண்ணீர்விட்டு, இன்றைய கம்பெனிக்கு வழிவிட்டு நிற்போம்.

அம்மாச்சி எந்தப் பெட்டியில் போட்டாள் என்று கடைசிவரை என்னிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓட்டு வாங்கிப் போகிறவன் யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. அதைக் கேட்பதற்கு முன்னாலேயே அவள் செத்துவிட்டாள். அவள் பேரன் கேட்கிறேன்.