குளோன் லினக்ஸும் நம்பர் அடிக்காத பில்புக்கும்

சிவகாசி பக்கம் பில்புக் அச்சடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளேட் ஒன்றுதான், ஆயிரம் தாளும் ஒரே மாதிரி வரும். வரிசை எண்ணை மட்டும் நம்பரிங் மெஷின் தனியாக அடிக்கும். எண்ணையும் பிளேட்டிலேயே ஏற்றிவிட்டால் எல்லா பில்லும் 001தான்! எந்த அச்சகக்காரரும் அப்படிச் செய்யமாட்டார். லினக்ஸ்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

இடிசி டைரக்டரியில் ‘மெஷின்-ஐடி’ என்று ஒரு சின்ன ஃபைல். 128 பிட், 32 எழுத்து. டி-பஸ் கொண்டுவந்தது, சிஸ்டம்டி தத்தெடுத்துக்கொண்டது. இன்ஸ்டாலிலோ முதல் பூட்டிலோ ஒருமுறை உருவாகும், அப்புறம் மாறாது. ஆனால் குடியிருப்பது டிஸ்க்கில். விர்ச்சுவல் மெஷினைக் குளோன் பண்ணினால் கூடவே வந்துவிடும். ரெட் ஹாட் நெட்வொர்க் காலத்து ‘சிஸ்டம்-ஐடி’ ஃபைலுக்கும் இதே கதைதான்.

உபுண்டு 18.04 சர்வரில் இது நன்றாகவே தெரியும். மேக் முகவரி வேறாக இருந்தாலும் குளோன்கள் ஒரே ஐபி முகவரிக்கு அடித்துக்கொள்ளும், ஏனென்றால் டிஹெச்சிபிக்குக் காட்டும் அடையாளமே மெஷின்-ஐடியிலிருந்து பிறக்கிறது. இது பரவாயில்லை, சத்தம் போடுகிற கோளாறு. சத்தமே போடாதது பதிவு சர்வரில் நடப்பது: மூன்று மெஷின் ஒரே பெயர்ப்பலகையில் உட்கார்ந்திருக்கும். கடைசியாகப் பேசியது யாரோ அதன் விவரம்தான் திரையில். அதில் செக்யூரிட்டி பேட்ச் போட்டாயிற்று என்று பச்சை விளக்கு எரியும். மற்ற இரண்டும் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபைலைக் காலி பண்ணு, அடுத்த பூட்டில் புதிது வரும் என்பார்கள். பாதி உண்மை. டி-பஸ் டைரக்டரியில் தனிப் பிரதி இருந்தால் சிஸ்டம்டி அந்தப் பழைய எண்ணையே எடுத்து ஒட்டிவிடும்.

கேவிஎம் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி யூயூஐடி தர முடியும், சிஸ்டம்டியும் அதை எடுத்துக்கொள்ளும். ஃபைல் காலியாக இருந்தால் மட்டும். யூயூஐடி மாறினாலே எண்ணையும் மாற்றிவிடலாமே என்றால், பேக்கப்பிலிருந்து மீட்ட சர்வருக்குப் பழைய எண்தான் வேண்டும். டிஸ்க்குக்கு நகலும் மீட்பும் ஒன்றுதான். ஆகவே சிஸ்டம்டியை நான் அதிகம் திட்டமாட்டேன். ஒரே எண் ஒரே நேரத்தில் இரண்டு யூயூஐடியிலிருந்து வருவதைப் பார்க்கிற இடத்தில் இருப்பது பதிவு சர்வர். அது கத்த வேண்டும். பசுமைப் பட்டாசுப் பெட்டியின் க்யூஆர் கோடும் இப்படித்தான்: எதையும் நகல் அடிக்கலாம், ஸ்கேன்களை எண்ணுகிறவருக்குத்தான் பிடிபடும்.

அதுவரை டெம்ப்ளேட்டை மூடும் முன் நான் செய்வது: பதிவை நீக்கு, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளை அழி, டி-பஸ் பிரதியை அழி, மெஷின்-ஐடியைக் காலி பண்ணு, ஷட்டவுன். நடுவில் ஒரு ரீபூட் போட்டால் மறுபடி 001.