தாவூது நபியும் தொண்ணூற்றொன்பது ஆடுகளும்

ஸாத் அத்தியாயத்தின் 21 முதல் 26 வரையுள்ள திருவசனங்களுக்கு விரிவுரை கண்ட சிலர், உரியாவின் மனைவியைப் பற்றிய கதையை ஹஜ்ரத் தாவூது (அலை) அவர்கள்மீது ஏற்றியுரைத்தனர். அக்கதை பழைய ஏற்பாட்டின் இரண்டாம் சாமுவேல் ஆகமத்தில் உண்டு, திருமறையில் இல்லை.

திருமறை கூறுவது ஒரு வழக்கு. 99 ஆடுகளுடையவன், ஓர் ஆடே உடைய தன் சகோதரனிடம் அதையும் கேட்கிறான். முறையிட்டவன் கூற்று முடிந்ததும் தீர்ப்பு வருகிறது. உடனே, தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து மன்னர் பிழைபொறுக்க வேண்டுகிறார். தொடரும் வசனம், மன இச்சையைப் பின்பற்றாது நீதியுடன் தீர்ப்பளிக்குமாறு அவரைப் பணிக்கிறது. முன்னும் பின்னும் நீதியே பேசப்படுகையில், இடையில் அக்கதைக்கு இடமேது? இமாம் ராஸி அதனை மறுத்தார். இப்னு கஸீர் இஸ்ராயீலிய்யாத் என ஒதுக்கினார்.

ஒருதரப்புச் சொல்லைக் கேட்டுத் தீர்ப்புரைத்தலாகாது என்பதே இங்கு நாம் பெறும் பாடம். ஆதாரமற்ற கதையைக் கேட்டு ஒரு நபியையே குற்றவாளியாக்குவோர் அப்பாடத்தையன்றோ மறந்தனர்!